வைக்கோல் பெட்டிக்குள் ஒரு கேமரா

1987 செப்டம்பரில் ஒரு பகல், விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வரைக்கும் தலையில் மரப்பெட்டியோடு நடந்து வந்தேன். பெட்டி நிறைய வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு விஎச்எஸ் கேமரா. பீங்கான் கப்பும் சாஸரும் வெளியூருக்குப் போகும்போது உடையாமலிருக்க எங்கள் பக்கத்தில் வைக்கோல் அடைத்துத்தான் பெட்டி கட்டுவார்கள். அப்படிக் காலியான பெட்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, "இதுல வச்சுக்க தம்பி. எவனாவது கேட்டா பீங்கான்னு சொல்லு" என்றார் பாய்.

பாய் எனக்கு முதலாளி. மங்கலம்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எனக்கு 17 வயது. லைட் பிடிப்பது, ஒயர் சுருட்டுவது, பந்தியில் பாய்க்கு இடம் பிடித்து வைப்பது, இவைதான் என் வேலை. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு கேமராவின் அடாப்டர் புகைந்துவிட்டது. விருத்தாசலத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் எடுத்துப் போனோம். வேலை அன்றைக்கு முடியவில்லை, அங்கேயே படுத்துவிட்டோம். விடிந்து பார்த்தால் பஸ் இல்லை.

வன்னியர் சங்கத்தின் ஒரு வார சாலை மறியல் அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. தனி இட ஒதுக்கீடு கேட்டு, செப்டம்பர் 17 முதல் 23 வரை. அப்போது கடலூர் மாவட்டம் கிடையாது, எங்களுடையது தென்னார்க்காடு. வட மாவட்டங்கள் பூராவும் ரோடு நின்றது. அந்த ஒரு வாரத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென்று 20 சதவீதம் பிரித்துக் கொடுத்ததற்குப் பின்னால் இருப்பது அந்த ஏழு நாள். ஆனால் முதல் நாள் காலையில் நடந்துகொண்டிருந்த எங்களுக்கு இது எதுவும் தெரியாது. ரோட்டின் குறுக்கே புளியமரம் சாய்ந்து கிடந்தது, அதைத் தாண்டி இன்னொன்று, அவ்வளவுதான் தெரிந்தது.

மூன்றாவது மரத்தருகே மறித்தார்கள். பீங்கான் என்று சொன்னேன். ஒருவர் வைக்கோலை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"யாரு நீங்க? பேப்பர்காரனா, போலீஸ் ஆளா?"

"கல்யாண வீடியோங்க" என்றார் பாய்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அப்ப எங்களையும் ஒரு படம் எடு பாய்" என்று வரிசையாக நின்றார்கள், மேடைக்கு வந்து மொய்க்கவர் கொடுத்துவிட்டு நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி. பாய்க்குத் தோள்வலி. கேமராவை என் தோளில் ஏற்றிவிட்டார். நான் முதன்முதலாகத் தோளில் வாங்கிய கேமரா அது, ஒரு கைக்குழந்தையின் கனம். கல்யாணத்தில் பாய் செய்வதைப் பார்த்தே பழகியிருந்ததால் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்பினேன். ஒருவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஒருவர் பீடியைப் பின்னால் மறைத்தார்.

அது முடிந்ததும் அவர்கள் எங்களை மறந்துபோனார்கள். வரிசை கலைந்தது. எங்கோ ஜீப் சத்தம் கேட்டு நாலு பேர் ஓடினார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பதிவான மூன்றரை நிமிஷம்தான் உண்மையான படம் என்று இப்போது சொல்வேன். அன்றைக்குச் சொல்லத் தெரியாது.

இந்த மாதிரிப் படம் எடுப்பதற்கென்று உலகத்தில் ஒரு வரலாறே இருப்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஸ்டுடியோ கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, முதல் போட்ட தயாரிப்பாளர் கிடையாது. ஊர் கொந்தளிக்கும்போது கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நிற்கிறவர்கள். நம் நாட்டில் அந்த வரிசையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஆனந்த் பட்வர்தன். அவருடைய முதல் முக்கியமான படத்தை என் கடைக் கம்ப்யூட்டரில், ஒரு ரிசப்ஷன் வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில் பார்த்தேன்.

1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் மாணவர்களும் பொதுமக்களும் ஊழலுக்கும் விலைவாசிக்கும் எதிராகத் தெருவில் இறங்கியிருந்தார்கள். பட்வர்தன் இளைஞர், அந்த இயக்கத்தோடு போய்ச் சேர்ந்தவர். நவம்பர் 4ஆம் தேதி பாட்னாவில் பெரிய பேரணி. போலீஸ் அடித்தால் அதற்குச் சாட்சி வேண்டும், போட்டோ எடுங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் டெல்லிக்குப் போய் சூப்பர் 8 கேமரா இரவல் வாங்கி, ராஜீவ் ஜெயின் என்ற நண்பரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சூப்பர் 8 என்பது பணக்கார வீடுகளில் குழந்தையின் பிறந்தநாள் எடுக்கிற கேமரா. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ என்று வைத்துக்கொள்ளுங்களேன். அன்றைக்குத் தடியடி நடந்தது. 72 வயது ஜெ.பி. மீதும் அடி விழுந்தது.

எடுத்தாயிற்று. பிறகுதான் சிக்கல். சூப்பர் 8இல் நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய பிலிமேதான் கழுவி வரும், அந்த ஒன்றுதான் படம். கீறல் விழுந்தால் போச்சு. பத்து ஊரில் காட்டப் பத்துப் பிரதி வேண்டுமென்றால் வழியில்லை. அவர்கள் செய்த காரியத்தைக் கேட்டு எனக்குப் பாய் ஞாபகம் வந்துவிட்டது. படத்தைத் திரையில் ஓட்டி, ஓடுகிற திரையை 16 எம்எம் கேமராவால் மறுபடி படம் பிடித்தார்கள். டிவியில் ஓடுகிற கேசட்டை டிவிக்கு முன்னால் கேமராவை வைத்துக் காப்பி எடுத்த காலம் எங்களுக்கும் உண்டு. படத்தில் பட்டை பட்டையாகக் கோடு உருளும். பெண்வீட்டார் திட்டுவார்கள், ஆனால் வாங்கிக்கொள்வார்கள்.

பிறகு பட்வர்தன், பிரதீப் கிருஷன் என்பவரோடு மறுபடி பீகார் போய்ப் பழைய பெல் அண்ட் ஹவல் 16 எம்எம் கேமராவில் மிச்சத்தை எடுத்தார். கிடைத்த பிலிமில் காலாவதியானதும் இருந்தது. அந்தக் கேமராவுக்குப் பேட்டரி தேவையில்லை. சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுக்கிற மாதிரி சாவி கொடுக்க வேண்டும். முழுச் சாவிக்கு அரை நிமிஷம்போல ஓடும், நின்றுவிடும். உள்ளே போடுகிற 100 அடிச் சுருள் மொத்தமே இரண்டே முக்கால் நிமிஷம். கூட்டத்தின் நடுவில் நின்று சாவி கொடுத்துப் பாருங்கள், எதை எடுப்பது, எதை விடுவது என்கிற புத்தி தானாக வரும். மெமரி கார்டு இருக்கிற தைரியத்தில் ஆறு மணி நேரம் எடுத்துக் குவித்துவிட்டு எடிட்டிங்கில் கண்ணீர் விடும் இன்றையப் பையன்களுக்கு நான் சொல்கிற முதல் கதை இந்தச் சாவிக் கதைதான். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

படத்தின் பெயர் 'கிராந்தி கி தரங்கேன்', புரட்சியின் அலைகள். அரை மணி நேரம், கறுப்பு வெள்ளை. முடிந்த கொஞ்ச காலத்திலேயே, 1975 ஜூன் 25இல், எமர்ஜென்சி வந்தது. பத்திரிகைக்குத் தணிக்கை, தலைவர்கள் சிறையில். படத்தை வெளிப்படையாகக் காட்டினால் காட்டியவர் மட்டும் மாட்ட மாட்டார், படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரும் மாட்டுவார்கள். படம் தலைமறைவானது. பட்வர்தன் படிக்கப் போனது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு. ஒரு பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, தெரிந்தவர்கள் மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே திரும்ப ஒட்டிச் சேர்த்தார்கள்.

அதே எமர்ஜென்சியில் இன்னொரு படத்தின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்ரித் நாஹட்டா என்ற எம்.பி. எடுத்த 'கிஸ்ஸா குர்ஸி கா', நாற்காலியின் கதை. நடிகர் நடிகையரோடு, முறையாகத் தணிக்கைக்கும் போன படம். அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பிரிண்டும் நெகட்டிவும் எரிக்கப்பட்டன. நாஹட்டா 1978இல் முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஒழுங்காக ஒரே இடத்தில் பத்திரமாக இருந்த படம் சாம்பல். இரவல் கேமராவில் எடுத்து, துண்டாகிப் பல பேர் கையில் போன படம் பிழைத்தது. கையில் தூக்கி எடுக்கிற படத்தில் நடுக்கம்தான் அழகு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுப்பது கால்வாசி வேலை. எடுத்ததை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது, எப்படி ஊரைத் தாண்டுவது, இதுதான் முக்கால்வாசி.

நடுக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் சினிமாவில் சிலர் கேமராவை வேண்டுமென்றே குலுக்குகிறார்கள், எதார்த்தமாக இருக்குமாம். மூன்று பேர் ஸ்டாண்டு தூக்க, நாலு பேர் குடை பிடிக்க, அதற்கு நடுவே குலுக்கல். தெருவில் நின்று எடுத்தவன் எவனும் குலுக்க மாட்டான். குலுங்காமலிருக்கத்தான் அவன் பாடுபடுகிறான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டு, மூச்சை விட்டுவிட்டு எடு, ஜூம் போடாதே, கிட்டே வேண்டுமென்றால் நீயே கிட்டே போ என்று பாய் சொல்லிக்கொடுத்தது கல்யாணத்துக்காக. கலவரத்துக்கும் அதுதான். ஜூம் போட்டால் சின்ன நடுக்கமும் பூகம்பமாகத் தெரியும், அகலமாக வைத்துக்கொண்டு ஆளோடு ஆளாக நின்றால் தெரியாது.

இன்னொன்று, இடக்கண். வலக்கண் வியூஃபைண்டரில் இருக்கும்போது இடக்கண்ணை மூடிவிடுவது எல்லோருக்கும் வருகிற பழக்கம். மூடக் கூடாது. லத்தி வருவதோ கல் வருவதோ அந்தப் பக்கமாகத்தான் வரும். வியூஃபைண்டருக்குள் பார்க்கிறவனுக்கு எல்லாமே டிவியில் நடப்பது போலிருக்கும், தனக்கு எதுவும் ஆகாது என்று தோன்றும். 1973 ஜூன் 29இல் சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் ராணுவத்தின் ஒரு பிரிவு கலகம் செய்தது. லியோனார்டோ ஹென்ரிக்சன் என்ற அர்ஜென்டினா கேமராமேன் ஒரு சிப்பாய்க்கு நேராகக் கேமராவைப் பிடித்திருந்தார். சிப்பாய் துப்பாக்கியைத் திருப்புகிறான், சுடுகிறான், படம் ஆடிச் சரிகிறது. தன்னைக் கொன்றவனைத் தானே படம் பிடித்துவிட்டுப் போனார். அந்தத் துண்டைப் பார்த்த அன்றைக்கு ஆல்பம் வேலை எதுவும் எனக்கு ஓடவில்லை.

அந்தத் துண்டைத் தன் படத்தில் வைத்தவர் பாத்ரிசியோ குஸ்மான். மூன்று பாகமாக வந்த 'சிலியின் போர்' அவர் எடுத்தது. ஒரு கேமரா, ஒரு டேப் ரிக்கார்டர், கையளவு ஆட்கள். சிலியில் பிலிம் கிடைக்கவில்லை, பிரான்சிலிருந்து கிறிஸ் மார்க்கர் என்ற இயக்குநர் அனுப்பிவைத்தார். 1973 செப்டம்பர் 11இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. குஸ்மானைப் பிடித்து விளையாட்டு மைதானத்தில் அடைத்தார்கள். பிலிம் சுருள்கள் ஸ்வீடன் தூதரகம் வழியாகக் கப்பலேறின, குஸ்மான் பிறகு கியூபாவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினார். கேமராவைத் தோளில் வைத்திருந்த ஹோர்ஹே முல்லர் சில்வாவை 1974 நவம்பரில் ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வரவேயில்லை. அங்கேயும் பிலிம் தப்பித்தது, எடுத்தவர் தப்பிக்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். வீடியோ வந்தபிறகு தமிழ்நாட்டில் இந்த வேலைக்குத் தனியாக ஆட்கள் உருவானார்கள். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, ஜனங்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் பிணமாக மிதந்தார்கள். அதைப் பற்றி ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' இன்றைக்கும் பார்க்கப்படுகிறது. மதுரையில் கையால் மலம் அள்ளும் ஒரு பெண்மணியின் பின்னாலேயே நடந்து அமுதன் ஆர்.பி. எடுத்த 'பீ' 2003இல் வந்தது. அதில் கேமரா செய்வதெல்லாம் அந்தம்மா போகிற தெருவில் கூடவே போவதுதான். அந்தப் படத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பார்க்க முடியாது என்றார் என் மச்சான். சாப்பிடாமலும் முடியாது. எங்கள் மாவட்டத்துச் சிறுதொண்டமாதேவியில் தலித் பெண்கள் மீதான வன்முறையை லீனா மணிமேகலை 'பறை' என்று எடுத்தார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்து, திரையிடப் போன இடமெல்லாம் தடை விழுந்து, யூடியூபில் ஏறியது. அந்த வருஷம் ஜூலையில் அவரைக் கைது செய்தார்கள். 2009ஆம் வருஷத்துக் கல்லூரிக் காலப் போராட்ட வழக்காம்.

பொதுவில் காட்டும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்று வேண்டும் என்கிறது 1952ஆம் வருஷத்துச் சினிமா சட்டம். ஆவணப்படத்துக்கும் அது பொருந்தும். மண்டபத்துக்காரரிடம் ஒரு போலீஸ்காரர் வந்து "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டால் போதும், தடை உத்தரவெல்லாம் தேவையே இல்லை, மண்டபத்துக்காரரே மின்சாரத்தை நிறுத்திவிடுவார். தொழில் நிமித்தம் மண்டபக்காரர்களோடு பழகுகிறவன் என்பதால் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு லைசென்ஸ் வேண்டுமல்லவா.

போன் வந்தபிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்பார்கள். எடுப்பது சுலபமாகிவிட்டது, உண்மை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்கள் கையிலெல்லாம் ராத்திரியில் போன் வெளிச்சம். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் ஜனங்களைச் சுட்டுக் கொன்றபோது, வேன் கூரையில் ஏறிக் குறிபார்த்த போலீஸ்காரரை நாடே பார்த்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். எடுத்தவர்கள் கையில் படம் இருக்கிறது, போக வழி இல்லை. பட்வர்தன் காலம் மாதிரியே யாராவது பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. சட்டைப்பை போதும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

என் கடைக்கு வக்கீல் குமாஸ்தாக்கள் அவ்வப்போது வருவார்கள். தகராறு வீடியோ, விபத்து வீடியோ, பென்டிரைவில் போட்டுக் கையெழுத்து வேண்டுமென்பார்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட வேண்டிய சான்று அது, முன்பு 65பி சர்டிபிகேட் என்போம், 2024 ஜூலையிலிருந்து புதுச் சாட்சியச் சட்டத்தில் 63ஆவது பிரிவு. "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்பேன். பாதிப் பேரிடம் இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுவார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எந்த நேரத்தில் எந்தப் போனில் எடுத்தது என்று கோப்புக்குள் இருந்த விவரத்தையும் உதறிவிடும். எடுத்தவர் போனில் இடம் போதவில்லை என்று அழித்திருப்பார். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வராது.

ஏனென்றால் நானும் அழித்தவன்தான். அந்தப் புளியமரக் கேசட் ஸ்டுடியோவின் சாம்பிள் கேசட். புதிதாக ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்குப் போட்டுக்காட்ட ஒன்றரை மணி நேரம் ஒரு கல்யாணம் அதில் இருந்தது. அதன் வாலில்தான் என் நாலு நிமிஷம் பதிந்திருந்தது. ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறோம், புதுக் கேசட் வரவில்லை. பாய் அலமாரியிலிருந்து அதை எடுத்து நீட்டினார். "அதுல ரோடு மறியல் இருக்கு பாய்" என்றேன். "அதை யாருப்பா காசு குடுத்துப் பார்க்கப் போறா?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றிக் கேமராவில் போட்டுக் கொடுத்தது நான்தான்.

சில வருஷம் முன்னால் அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை, இப்போது தாத்தா, பூஞ்சை பிடித்த அந்தக் கேசட்டோடு கடைக்கு வந்தார். "இதைப் போன்ல பார்க்கற மாதிரி மாத்திக் குடு தம்பி" என்றார். பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது, கடை என் கைக்கு வந்திருந்தது. நாடாவைத் துடைத்து, பழைய டெக்கில் போட்டு, ராத்திரி கடை சாத்தியபிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். ஒரு மணி முப்பத்துமூன்று நிமிஷம் கல்யாணம். தாலி, பந்தி, பெண் அழுவது, கார் கிளம்புவது. எழுந்து டெக்கை நிறுத்தப் போனேன். திரையில் பனி கொட்டியது, குறுக்கே வானவில் நிறத்தில் கோடுகள் ஓடின. பிறகு வெயில்.

சாய்ந்த புளியமரத்தின் கிளைமேல் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் யாரோ ஓடுகிறார்கள். கிழவி அவர்களைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கைக்கெட்டிய கிளையிலிருந்து புளியம்பிஞ்சைப் பறித்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒன்றைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். மொத்தம் 11 விநாடி. இவளை எடுத்த ஞாபகமே எனக்கு இல்லை.

கடைசி விநாடியில் படத்துக்கு வெளியே, என் காதுக்குப் பக்கத்தில், ஒரு குரல்.

"போதும் தம்பி, பேட்டரி போயிடும்."